லைனிங் துணித் தொப்பி

கையைத் தூக்குங்க அம்மிணி. இன்னுங் கொஞ்சம். மூச்சை விடுங்க, ஏனுங்க இப்படி இழுத்துப் புடிச்சுட்டு நிக்கறீங்க? மூச்சை இழுத்துட்டே மேடை ஏறி, இழுத்துட்டே போட்டோவுக்கு நின்னு, இழுத்துட்டே பந்தியில உக்கார முடியுமா? ரெண்டு பக்கமும் அரை அரை இஞ்சு பிரிச்சு விட்டாப் போதும். உள்ளார துணி விட்டுத்தான் தைச்சிருக்கான், புண்ணியவான். சேலத்துல தைச்சதுங்களா? அளவு ஜாக்கெட்டு குடுத்தீங்களா, வாயில சொன்னீங்களா? குடுத்தீங்க, சரி. அது எந்த வருசத்து ஜாக்கெட்டு? பாத்தீங்களா! கொழந்தை பொறக்கறதுக்கு முந்தி போட்டதை அளவுக்குக் குடுத்தா அவன்தான் என்ன பண்ணுவான் பாவம்.

அந்த ஸ்கிரீனுக்குப் பின்னாடி போய்க் கழட்டிக் குடுங்க. இந்தத் துண்டைப் போத்திட்டு ஸ்டூல்ல உக்காருங்க. பத்தே நிமிசம். யாரும் உள்ளார வரமாட்டாங்க. என்ற வீட்டுக்காரர் வெளிய மரத்தடியில வண்டியைத் தொடைச்சுட்டு இருக்காரு, ஞாயித்துக்கெழமைன்னா அவருக்கு அதுதான் பூசை. பதினோரு மணிக்குத்தானுங்க மேடை? இன்னும் முக்கா மணி நேரம் கெடக்குது. கொழுந்தனார் கல்யாணத்துல அண்ணி இல்லாம ஆரம்பிச்சுருவாங்களாக்கும்.

எது, அந்த ஆணியில மாட்டியிருக்கறதா? வர்றவங்க எல்லாரும் மொதல்ல அதைத்தான் கேக்கறாங்க. கொழந்தைக்குக் குல்லாவான்னு கேட்டவங்க இருக்காங்க, டீ வடிகட்டறதான்னு கேட்டவங்களும் இருக்காங்க. தொப்பிங்க அது. ஹெல்மெட்டுக்கு அடியில போடற தொப்பி. மெல்லிசு லைனிங் துணி. இதைப் போட்டுட்டு மேல ஹெல்மெட் மாட்டினா வேர்வையைத் துணி இழுத்துக்கும், தலை அரிக்காது, ஹெல்மெட்டும் நாறாது. பொழுதோட வந்து அலசிப் போட்டா விடிஞ்சு எடுத்துக்கலாம். இந்த ஊதியூருல அதை மொதமொதல்ல தைச்சவ நானுங்க. அதனாலயே ஊரு பூரா என்ற பேரு நாறுனதும் ஒரு கதை. சொல்றேன். என்ற கை பாட்டுக்குத் தைக்கும், வாய் பாட்டுக்குப் பேசும். ஒண்ணு நின்னா இன்னொண்ணும் நின்னுரும்.

என்ற வீட்டுக்காரர் பேரு சென்னியப்பன். காங்கேயத்துல ஒரு தேங்காய்ப் பருப்புக் களத்துல மேஸ்திரி. இங்கிருந்து பதினஞ்சு கிலோமீட்டர் போகணும், பதினஞ்சு கிலோமீட்டர் வரணும். அம்பத்திரண்டு வயசாச்சு. ஆனா அந்தத் தலையைப் பாத்தீங்கன்னா அம்பத்திரண்டுன்னு சொல்ல மாட்டீங்க. அத்தனை முடி! கருகருன்னு, நெத்தியில ஒரு சுருளு வேற. களத்துல எண்ணெய்க்குப் பஞ்சமில்லை பாருங்க, தடவித் தடவி வளத்து வெச்சிருக்காரு. பின்னால பையில சீப்பு இல்லாம வாசப்படி தாண்ட மாட்டாரு. அவங்கப்பாவுக்கு நாப்பதுலயே வழுக்கை. அண்ணனுக்கு முப்பத்தஞ்சுல. இவருக்கு மட்டும் சாமி குடுத்திருக்குது, அதை ஹெல்மெட் போட்டுக் கொட்ட விடறதான்னு ஒரே புடியில இருந்தாரு.

ஹெல்மெட் வாங்கலையான்னு கேக்காதீங்க. வாங்கினாரு. நல்லதாப் பாத்துத்தான் வாங்கினாரு. அதை முழங்கையில மாட்டிக்குவாரு. போலீஸ்காரர் நிக்கற எடம் வந்தா தலைக்கு ஏறும், தாண்டினா முழங்கைக்கு எறங்கிரும். ஊருக்குள்ள பாதி ஆம்பளைங்க அப்படித்தான், அது இவங்களுக்கு ஒரு பழக்கம்.

போன வருசம் சித்திரையில, மத்தியானம், இந்த ரோட்டுப் பிரிவுகிட்ட ஒரு நாயி குறுக்க வந்துச்சு. ஆளு விழுந்துட்டாரு. நான் இதே மிசின்ல இதே எடத்துல உக்காந்திருந்தேன். கடைக்காரத் தம்பி ஓடியாந்து சொன்னாப்புல. செருப்புக்கூடப் போடாம ஓடினேனுங்க. பாத்தா முழங்கைக்கு ஒண்ணும் ஆகலை. முழங்கைக்குத்தான் ஹெல்மெட் இருந்துச்சே! நெத்தியில ஏழு தையல்.

சிரிங்க, சிரிங்க. இப்ப நானும் சிரிக்கறேன். அன்னைக்குச் சிரிப்பு வரலைங்க. ஆஸ்பத்திரியில உள்ளார அவரு கத்தறாரு, வெளிய பெஞ்சுல நான் உக்காந்திருக்கறேன். சேலையெல்லாம் ரத்தம். புள்ளையைப் பொள்ளாச்சியில கட்டிக் குடுத்தாச்சு. வீட்டுல நானும் அவருந்தான். காலையில எந்திரிச்சா அவரு மூஞ்சி, ராத்திரி படுத்தா அவரு கொறட்டை. இந்த மனுசன் இல்லைன்னா நான் யாருகிட்டப் போய்ச் சண்டை போடறதுன்னு நெனைச்சேன் பாருங்க, அப்படியே பொங்கிப்போச்சு. அந்த நர்ஸ் புள்ள வந்து கையைப் புடிச்சு, அக்கா, தையல்தான், உசுருக்கு ஒண்ணுமில்லைன்னு சொல்லுது. தையலைப் பத்தி எனக்குச் சொல்றா!

அப்ப முடிவு பண்ணினேன். இந்த ஆளு தலையில ஹெல்மெட்டை ஏத்தாம விடறதில்லைன்னு.

அந்தக் கத்திரியை இப்படித் தள்ளுங்க. ஆங்.

சொன்னாக் கேக்கற ஆளா அது? வேர்க்குதுங்கறாரு. அரிக்குதுங்கறாரு. உள்ள இருக்கற பஞ்சு நாறுதுங்கறாரு. மோந்து பாத்தேன், மெய்யாலுமே நாறுச்சு. தேங்காயெண்ணெயும் வேர்வையும் ஊறி ஊறி, ஏனுங்க, செக்குப் புண்ணாக்கு வாசம். சரி, இந்த ஆளு சொல்றதுலயும் கொஞ்சம் நெசம் இருக்குது, வாயில சண்டை போட்டு ஆகாது, கையில செஞ்சு காட்டணும்னு உக்காந்தேன். எனக்குத் தெரிஞ்சது மிசின் ஒண்ணுதானுங்களே.

மொதத் தொப்பி பாப்ளின்ல தைச்சேன். தடிப்பாப் போச்சு, ஹெல்மெட்டே உள்ள எறங்கல. ரெண்டாவது லைனிங் துணி. மெல்லிசு, சரியா இருந்துச்சு. ஆனா உருண்டை வரல, பை மாட்டின மாதிரி தொங்குது. அப்பறம்தான் மண்டையில பட்டுது. கட்டோரி ஜாக்கெட்டு வெட்டறோமில்ல, கப் வெச்சு, அதே வெட்டை எடுத்துக் கொஞ்சம் பெருசாப் போட்டேன். அச்சு அசலா மண்டைக்கு வந்து உக்காந்துச்சு! அட வாயை மூடாதீங்க, சிரிங்க, பொம்பளைங்க ரெண்டு பேருதானே இருக்கறோம். இருபத்தி ரெண்டு வருசமா எதையெதையோ உருண்டையா வெட்டின கை, ஒரு ஆம்பளை மண்டைக்கு வெட்டறது பெருசா?

அந்த மூணாவதுலயும் ஒரு குத்தம். தையல் உள்ளார இருந்து நெத்தியில கோடு விழுந்துச்சு, தழும்பு வேற இருக்குது, உறுத்துதுன்னாரு. சரின்னு தொப்பியைத் திருப்பிப் போட்டேன். தையல், பிசிறு எல்லாம் வெளிப்பக்கம், வழவழன்னு இருக்கற நல்ல பக்கம் தலைக்கு. மேலதான் ஹெல்மெட் மூடிக்குதே, பிசிறை யாரு பாக்கப்போறா? இதுதானுங்க நான் பண்ணினது. இதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. வேற எந்தத் தப்பும் எம்மேல இல்லை.

போட்டுப் பாத்தாரு. கண்ணாடியில இப்படித் திரும்பினாரு, அப்படித் திரும்பினாரு. சுருளை மட்டும் வெளிய விடலாமான்னு கேட்டாரு. மொறைச்சேன். உள்ள தள்ளிக்கிட்டாரு. அன்னைக்குப் போனவரு பொழுதோட வந்து, ஏ மரகதம், தலையில ஒண்ணு இருக்கறதே தெரியல, இன்னும் ரெண்டு தைச்சுக் குடுன்னாரு பாருங்க, எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. காட்டிக்கல. கறிக்கொழம்பு வெச்சேன்.

அதோட நின்னிருக்கணும். களத்துல ரெண்டு பேரு கேட்டாங்களாம், எனக்கொண்ணு தைச்சுக் குடுக்கச் சொல்லுன்னு. அப்பறம் டீக்கடைக்காரர். அப்பறம் பால் சொசைட்டி செக்ரட்டரி நாச்சிமுத்து அண்ணன். மொத்தம் பதினேழு தொப்பி. துணி ஏதுன்னு கேப்பீங்க. ஒரு ஜாக்கெட்டுக்கு ஒரு மீட்டர் லைனிங் வாங்கியாறாங்க, வெட்டினது போக ஒரு சாண் மிச்சமாகும். திருப்பிக் குடுத்தா இதை வெச்சு என்னக்கா பண்றதுன்னு இங்கயே போட்டுட்டுப் போயிருவாங்க. மூட்டை மூட்டையாக் கெடந்துச்சு. அதுலதான் வெட்டினேன். அடுத்தவங்க துணியில ஒரு இஞ்சு நான் எடுத்ததில்லைங்க, இந்தக் கத்திரி மேல சத்தியம். மிச்சத்தைத்தான் எடுத்தேன்.

எங்க தொழில்ல ஒரு வழக்கம். துணி வந்ததும் மூலையில ஆளு பேரும் அளவும் எழுதிப்போடுவோம், மாறிப்போகக் கூடாதில்ல. சாக்பீஸ்ல எழுதினா அழியுதுன்னு நான் பால்பாயிண்ட் பேனாவுல எழுதுவேன். கண்ணு கொஞ்சம் மங்கல், அதனால கொட்டை கொட்டையா எழுதுவேன். எந்தப் பக்கம் எழுதுவேன்? நல்ல பக்கத்துலயா எழுதுவாங்க? பிசிறு வர்ற பக்கத்துலதான்.

ஆங். புரிஞ்சுருச்சா? உங்களுக்கு ரெண்டு நிமிசத்துல புரிஞ்சுது. எனக்குப் பதினேழு தொப்பி தைச்சும் புரியல.

வைகாசியில ஒரு கல்யாணம். நீங்க போற அதே மண்டபந்தான். இப்பெல்லாம் மேடையில நடக்கறதை அப்படியே பெரிய திரையில காட்டறாங்களே, பந்தியில இருக்கறவங்களும் பாக்கட்டும்னு. நாச்சிமுத்து அண்ணன் வண்டியில வந்தாரு. நெம்பக் கண்டிசனான மனுசன், சொசைட்டியில அவரு முன்னாடி சத்தமா இருமக்கூட மாட்டாங்க. வந்தவரு ஹெல்மெட்டைக் கழட்டி வண்டியில மாட்டினாரு, தொப்பியை மறந்துட்டாரு. தலையில இருக்கறதே தெரியாதுன்னுதான் சொன்னேனில்ல! பொண்டாட்டி ரங்கநாயகி அக்கா உள்ளார உக்காந்திருக்காங்க. நேரா மேடை ஏறிட்டாரு. அச்சதை போட்டாரு. கேமராக்காரன் அவரு மூஞ்சியைக் கிட்டத்துல புடிச்சான்.

திரையில பாத்தா, ஆளு ஒசரத்துக்கு நெத்தி. நெத்தியில, என்ற கையெழுத்து. கோமதி டீச்சர். கீழ, நாப்பது. அதுக்கும் கீழ, கை டைட்.

மண்டபமே நிமிந்து திரையைப் பாத்துச்சுங்க. அப்பறம் பந்தியில இருந்து ஒருத்தன் ஆரம்பிச்சான், சிரிப்பு அடங்க மேளக்காரரு கெட்டிமேளம் வாசிக்க வேண்டியதாப் போச்சு. மாப்பிள்ளை சிரிக்கறான், பொண்ணு சிரிக்குது. நாச்சிமுத்து அண்ணன் எதுக்குச் சிரிக்கறாங்கன்னு தெரியாம அவரும் ஒரு சிரிப்பு சிரிச்சு, கும்புட்டு, எறங்கி வர்றாரு. கோமதி டீச்சர் மூணாவது வரிசை. ரங்கநாயகி அக்கா நாலாவது வரிசை. நான் எங்கங்க இருப்பேன்? அஞ்சாவது வரிசையில சேலைக்குள்ள தலையை விட்டுட்டு இருந்தேன்.

அடுத்த நாள் கடை தொறக்கறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் நிக்கறாங்க. ரங்கநாயகி அக்காவுக்குச் சேதி சொன்னதும் புரிஞ்சுக்கிட்டாங்க, அவங்களுக்கு வீட்டுக்காரர் மேல சந்தேகமெல்லாம் வராது, அந்த மூஞ்சிக்கு யாரு வருவாங்கன்னு அவங்களே கேட்டாங்க. கோமதி டீச்சருக்குத்தான் ஆறவே இல்லை. துணி போனாப் போகட்டும் மரகதம், பேரு போனாக்கூடப் போகட்டும், நாப்பதுன்னு ஏன் எழுதின? நான் முப்பத்தெட்டுத்தானே? ஸ்கூல்ல எட்டாவது பசங்க வரைக்கும் தெரிஞ்சுபோச்சே! அப்படின்னு அழுவறாங்க. நாப்பதேதானுங்க, டேப்பு பொய் சொல்லாது. அதைச் சொல்லலாமா? வெளிய சொல்லக்கூடாதில்ல. ஒருத்தர் அளவை இன்னொருத்தர்கிட்ட நான் மூச்சு விட்டதில்லை, அது இந்தத் தொழிலோட தருமம். உங்ககிட்டச் சொன்னது நீங்க சேலத்துக்காரங்கங்கறதால.

பதினேழு தொப்பியையும் வீடு வீடாப் போய்த் திருப்பி வாங்கினேன். ஒவ்வொருத்தர் வீட்டுலயும் ஒவ்வொரு பாட்டு. டீக்கடைக்காரர் தலையில இருந்தது அவரு மாமியார் பேரு.

இதெல்லாம்கூடப் போகட்டும். வேலை நாலு நாள் படுத்துச்சு, அப்பறம் ஆடிப் பண்டிகைக்குத் தைக்க யாருகிட்டப் போவாங்க, என்றகிட்டத்தான் வரணும். எனக்கு அடி விழுந்தது வேற எடத்துல. களத்துல இவரைப் புடிச்சுக் கேலி பண்ணியிருக்காங்க. மேஸ்திரி, இன்னைக்கு உங்க நெத்தியில யாருன்னு. இவருக்கு ரோசம் பொத்துக்கிட்டு வந்துருச்சு. வந்ததும் தொப்பியை மிசின் மேல வீசினாரு. இனி தொப்பியும் வேண்டாம், ஹெல்மெட்டும் வேண்டாம், ஊரே சிரிக்குதுன்னாரு. புதுசா வெள்ளைத் துணி வாங்கி, ஒரு எழுத்து இல்லாம, பளிச்சுனு மூணு தைச்சு வெச்சேன். தொட்டுக்கூடப் பாக்கல. காலையில பாத்தா ஹெல்மெட்டு மறுபடியும் முழங்கையில.

அந்த நெத்தித் தழும்பு மேல சுருளு விழுந்து ஆடுது, ஆளு வண்டியை ஒதைக்கறாரு. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுங்களா? அந்த ஆஸ்பத்திரி பெஞ்சு ஞாபகம் வந்துருச்சு. மறுபடியும் அங்க போய் உக்கார என்னால முடியாது. அடுப்பை அணைச்சேன். கடைக்குப் பூட்டைப் போட்டேன். என்ற ஸ்கூட்டியை எடுத்தேன். அவரு பின்னாடியே போனேன்.

ஆமாங்க, பின்னாடியே. பதினஞ்சு கிலோமீட்டரும். அவரு வேகமாப் போனா நானும் வேகமா. அவரு நின்னா நானும் நிப்பேன். எதுவும் பேசல, ஹாரன் மட்டும் அடிச்சுட்டே போனேன். ரோட்டோரத்துல நிக்கறவங்கெல்லாம் பாக்கறாங்க. இவரு திரும்பிப் போ திரும்பிப் போன்னு கையை ஆட்டறாரு, நான் பாம் பாம்னு அடிக்கறேன். களத்து வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டு, அங்க பருப்பு கெளர்ற பொம்பளைங்களுக்கெல்லாம் கையைக் காட்டிட்டு வந்தேன். ரெண்டாம் நாளும் அப்படியே. மூணாம் நாளும். காத்தடிக்கற மாசம் வேற, பாலக்காட்டுக் கணவாய்க் காத்து ஆளையே தள்ளுது, லாரியெல்லாம் ஒரசிட்டுப் போவுது. நான் விடலையே!

ஒரு பக்கம் முடிஞ்சுது. இன்னொண்ணு ரெண்டே நிமிசம்.

நாலாம் நாளு. பாதி வழியில ஒரு புளியமரம், அங்க வண்டியை ஓரங்கட்டினாரு. நானும் கட்டினேன். எறங்கி வந்தாரு. மூஞ்சியெல்லாம் வேர்த்துக் கெடக்குது. சட்டைப்பையில இருந்து வெள்ளைத் தொப்பியை எடுத்தாரு, நான் தைச்சது! பையிலயே வெச்சுட்டுத்தான் இருந்திருக்காரு பாருங்க. எடுத்து மாட்டினாரு. சுருளை உள்ள தள்ளினாரு. ஹெல்மெட்டை மேல போட்டு வாரையும் மாட்டினாரு. எனக்கு ஜெயிச்ச சந்தோசம் தாங்கல. அப்பக் கேட்டாரு.

ஏ புள்ள, இத்தனை தூரம் என்ற தலைக்காக வர்றியே, உன்ற தலையில என்ன இருக்குது?

நான் விடுவனா? என்ற தலையில கொண்டை இருக்குதுன்னேன்.

எப்படி பதில்! ஆளு என்ற கொண்டையை ஒரு பார்வை பாத்தாரு. அப்பறம் சொன்னாரு. மரகதம், மூணு நாளா நான் ரோட்டையே பாக்கல. வண்டிக் கண்ணாடியில உன்னையத்தான் பாத்துட்டு வர்றேன். ஒவ்வொரு லாரி உன்னையத் தாண்டறப்பவும் நான் இங்க பிரேக்கைப் புடிக்கறேன். எனக்கு விழுந்தா ஏழு தையல், உனக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன் சொல்லு. அப்படின்னாரு. எதையோ சொன்னாரு போங்க. நான் அப்ப அதைக் காதுல போட்டுக்கவே இல்லை. அவரு ஹெல்மெட் போட்டுட்டாரு, என்ற வேலை முடிஞ்சுது, வண்டியைத் திருப்பிட்டு வந்துட்டேன்.

அன்னையிலிருந்து புடிச்சுது சனியன். நான் ஸ்கூட்டியைத் தொட்டாப் போதும், ஹெல்மெட் எங்கங்கறாரு. சாவியை எடுத்து ஒளிச்சு வெச்சுக்கறாரு. எனக்குன்னு ஒரு ஹெல்மெட்டும் வாங்கியாந்துட்டாரு, செவப்புக் கலர்ல. என்னங்க ஞாயம் இது? நான் எங்க போறேன்? காங்கேயத்துக்கு ஊக்கும் நூலும் வாங்கப் போவேன், வாரத்துக்கு ஒருக்கா. மத்தபடி இந்த ஊருக்குள்ளதான். பத்தடிக்கு ஹெல்மெட்டா? அதுவும் எனக்குக் கொண்டை, ஹெல்மெட்டு எறங்குமா? வேர்க்காதா? அரிக்காதா? பூ வெச்சா நசுங்குமில்ல? அந்தப் பஞ்சு வாசத்துக்கே எனக்குத் தலை வலிக்கும். முடியெல்லாம் கொட்டிப்போகும்.

என்னங்க, ஏன் சிரிக்கறீங்க? இல்லை, சிரிச்சீங்க. அவரு கதை வேற, என்ற கதை வேறங்க. அவரு ஆம்பளை, ரோட்டைப் பாக்காம ஓட்டுவாரு. நான் பாத்து ஓட்டறவ.

சரி, ஆச்சு. போட்டுப் பாருங்க. மூச்சை விடுங்க, நல்லா விடுங்க. எப்படி! மேடை மட்டும் என்னங்க, பந்தியில மூணாந்தடவை பாயாசமே வாங்கலாம். மணி என்ன? அய்யய்யோ, பத்தே முக்காலா? பத்து நிமிசம்னு சொன்னனே, உங்க பேச்சுல நேரம் போனதே தெரியல. ஆட்டோவெல்லாம் இப்பக் கெடைக்காது, அத்தனையும் மண்டபத்துக்கு ஆள் ஏத்தப் போயிருக்கும். வாங்க, நானே கொண்டுபோய் விடறேன். அரைக் கிலோமீட்டர்தான்.

ஏனுங்க! ஏனுங்கோவ்! சாவியைக் குடுங்க, இந்த அம்மிணியை மண்டபத்துல விட்டுட்டு வந்தர்றேன். என்னது? ஆரம்பிச்சுட்டாரு பாத்தீங்களா. ஊருக்கு வந்த ஒறம்பரை முன்னாடி மானத்தை வாங்காதீங்க, நேரமாச்சு அவங்களுக்கு. சாவி எங்க? அது என்ன கையில? சாவியைக் கேட்டா துணியை நீட்டறீங்க?

தொப்பியா? யாரு தைச்சது?

நீங்களா? எப்ப? நான் கோயிலுக்குப் போனப்பவா? என்ற மிசின்லயா? எம்மிசினைத் தொட்டீங்களா நீங்க?

அம்மிணி, இதைப் பாருங்க. இந்தக் கொடுமையைப் பாருங்க. தையலா இது? ஒரு எடத்துல நூலு மூட்டை கட்டியிருக்குது, ஒரு எடத்துல நூலே இல்லை. இது என்ன நடு மண்டையில இத்தாம் பெரிய ஓட்டை? கொண்டைக்கா? எனக்குக் கொண்டை இருக்குதுன்னு ஓட்டை வெச்சீங்களா? ஏனுங்க, தொப்பியில ஓட்டை வெச்சீங்க சரி, ஹெல்மெட்டுல ஓட்டை இருக்குதா? கொண்டை அதுல எப்படி எறங்கும்? அதை யோசிக்கலையாம்! மேஸ்திரியாம்! அம்பது பேருக்கு வேலை சொல்ற ஆளாம்!

கையைக் காட்டுங்க. அந்தக் கை இல்லை, இந்தக் கை. ஆள்காட்டி வெரல்ல என்ன பிளாஸ்திரி? களத்துல ஏதோ குத்திருச்சுன்னு சொன்னீங்களே. மிசின் ஊசியா? மிசின் ஊசி ஏறுச்சா? நகத்தோட ஏறுச்சா?

அட என்ற சாமி. இதுக்கா? இந்தக் கோணத் தொப்பிக்கா? நான் ஒருத்தி இருபத்தி ரெண்டு வருசமா இதே ஊசியில உக்காந்திருக்கறேன், ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே தைச்சுக்க மாட்டேனா? சொன்னீங்களா? ஆமா, சொன்னீங்க. தெனமும் சொன்னீங்க. சரி விடுங்க.

அம்மிணி, ஒரு நிமிசம் இருங்க. இந்த ஹேர்பின்னைப் புடிங்க. கொண்டையை அவுத்துப் பின்னிக்கறேன். இல்லைங்க, பிரிச்செல்லாம் தைக்க மாட்டேன், அது அப்படியே இருக்கட்டும். ஓட்டை வழியாக் காத்து வரும்னு நெனைச்சுக்கறேன். எங்க, செவப்பு ஹெல்மெட்டைக் குடுங்க. வாரை நீங்களே மாட்டி விடுங்க, எனக்குத் தெரியல. கண்ணுல தண்ணியெல்லாம் இல்லை, தூசி. வண்டியைத் தொடைச்சீங்களே, அந்தத் தூசி.

சாவி. ஆங்.

ஏறுங்க அம்மிணி. ஏனுங்க, அப்படியே ஏறினா எப்படி? அவரு ஹெல்மெட்டை வாங்கிப் போடுங்க. அந்த ஆணியில இருக்கற தொப்பியை எடுத்துக்கங்க, புதுசு, யாரு பேரும் எழுதல. பூ நசுங்குமா? அரைக் கிலோமீட்டர்தானேங்கறீங்களா? அட, நான் சொன்னது என்ற தலையைப் பத்திங்க. அது வேற. நீங்க புள்ளையை மண்டபத்துல விட்டுட்டு வந்திருக்கறவங்க. போடுங்க, போட்டாத்தான் வண்டி நகரும். சிரிக்காமப் போடுங்க, அந்த மனுசன் அவரு வண்டிக் கண்ணாடியில பாத்துட்டே நிக்கறாரு.